பழைய ஜீப்புக்குப் புதிய வயரிங்: உடையவரே செய்துகொள்ளுதல் நலம்

விளைந்த பொருள் உரிய காலத்தில் களத்தைவிட்டுச் சந்தை சேராவிடில், விளைவித்த பாட்டில் பாதி வீணாகும். வேப்பந்தட்டை வட்டாரத்து விவசாயிகளுக்கு இவ்வுண்மையை எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் இக்கரிசற் பூமியில், ஐப்பசி, கார்த்திகை மழையின்போது வயற்பாதை சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும். பச்சைமலை அடிவாரத்துப் பாதைகளோ கல்லும் மேடும் பள்ளமுமாயிருக்கும். இவ்விருவகைப் பாதைக்கும் ஈடுகொடுக்கக்கூடியது, நான்கு சக்கரங்களாலும் இழுக்கவல்ல ஜீப் வண்டி. ஆகையால் பழைய ஜீப் ஒன்றை வைத்துப் பேணிவரும் நிலமுடையோர் அதனை விற்க மனமின்றி இருப்பது வியப்பன்று.

ஆனால் அவ்வண்டியின் எஞ்சினுக்கும் கியருக்கும் காட்டப்படும் அக்கறையில் நூற்றில் ஒரு பங்குகூட அதன் மின்கம்பிகளுக்குக் காட்டப்படுவதில்லை. மெக்கானிக்குகள் ‘வயரிங் செட்’ என்று சொல்லும் அம்மின்கம்பிக் கோவை, ஒட்டின் மேல் ஒட்டாக முடிச்சிடப்பட்டு, இன்னது எங்கே போகிறது என்று எவருக்கும் தெரியாத நிலையில் கிடக்கிறது. இந்நிலை மாறவேண்டும் என்பதும், ஒட்டுப்போடுவதை விடுத்துக் கோவை முழுவதையும் வண்டிக்கு உடையவரே புதிதாகச் செய்துகொள்வதே சிறந்த வழி என்பதும் இங்கே வற்புறுத்தப்படும் கருத்துக்களாகும்.

ஜீப்பும் உழவரும்

ஜீப் வண்டி யுத்தத்திற்காகப் பிறந்தது. எனினும் 1945-ஆம் ஆண்டில் யுத்தம் முடிந்தவுடன் அமெரிக்காவில் வில்லிஸ் கம்பெனியார் பொதுமக்களுக்கென்று விற்ற முதல் ஜீப், உழவருக்கு உதவும் வண்டி என்றே விளம்பரப்படுத்தப்பட்டது. அது ஏர் இழுக்கவும், வார்ப்பட்டையின் மூலம் யந்திரங்களை ஓட்டவும் பயன்பட்டது. இந்தியாவில் 1945-இல் தொடங்கி 1948-இல் மகேந்திரா அண்டு மகேந்திரா என்று பெயர் மாறிய நிறுவனத்தார், 1940-களின் இறுதியில் அவ்வண்டிகளைப் பம்பாயில் பூட்டி விற்கத் தொடங்கினர். பிற்காலத்தில் அவை இந்நாட்டிலேயே செய்யப்பட்டன. 1980-களில் டீசல் எஞ்சினுடன் வந்த எம்.எம். 540 போன்ற வண்டிகள் கிராமங்கள்தோறும் பரவின. போடிநாயக்கனூர், கம்பம் பக்கங்களிலிருந்து கேரளத்து ஏலத் தோட்டங்களுக்குத் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளைத் தேனி மாவட்டத்தார் அறிவர்.

அவ்வண்டிகளின் டீசல் எஞ்சினில் ஒரு விசேஷம் உண்டு. ஒருமுறை கிளம்பிவிட்டால், பழைய முறைப் பம்பு உள்ள எஞ்சின் மின்சாரத்தின் உதவியின்றியே ஓடிக்கொண்டிருக்கும். பெட்ரோல் எஞ்சினில் கம்பி அறுந்தால் வண்டி நின்றுவிடும். உடையவர் உடனே கவனிப்பார். டீசல் வண்டியில் ஹாரன் போனாலும், சார்ஜ் நின்றாலும், பின்விளக்கு அணைந்தாலும் வண்டி ஓடுகிறது. ஆகவே பழுது தள்ளிவைக்கப்படுகிறது. எஞ்சினின் நல்ல குணமே வயரிங்கின் கேட்டை மறைத்துவிடுகிறது எனலாம்.

ஒட்டுப்போடுவதால் வரும் கேடு

ஆதியில் வந்த ஜீப்புகளின் கம்பிகளுக்கு ரப்பர் உறையும், அதன்மேல் பருத்தி நூற் பின்னலும் இடப்பட்டிருந்தன. ரப்பர் வயதேற ஏறக் கெட்டியாகி, வெடித்து உதிரும். பருத்தி நூலோ எண்ணெயையும் ஈரத்தையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தீப்பட்டால் திரிபோல எரியும். பருத்தியின் இயல்பைப் பருத்தி விளைவிக்கும் ஊராருக்கு விளக்க வேண்டுவதில்லை. பின்னர் வந்த வண்டிகளில் பி.வி.சி. உறை இடப்பட்டது. அதுவும் எஞ்சினின் வெப்பத்தில் முப்பது, நாற்பது ஆண்டுகள் கிடந்தால் விறைத்துப் போகும், வளைத்தால் ஒடியும்.

எலியின் தொல்லை இதனினும் பெரிது. மக்காச்சோளக் கதிர் குவித்த கொட்டகையிலேயே வண்டியும் நிறுத்தப்படுமானால், தானியத்திற்கு வந்த எலி கம்பியின் உறையையும் கடிக்கும். அதன் பல் வளர்ந்துகொண்டேயிருப்பதால், எதையேனும் கொறித்துத் தேய்த்துக்கொள்ளாமல் அதனால் இருக்கவியலாது.

இவ்வாறு பழுதான இடத்தில், கிடைத்த கம்பியை முறுக்கிச் சேர்த்து டேப் சுற்றிவிடுவது வழக்கமாயிருக்கிறது. வீட்டு வயரிங்கில் மிஞ்சிய கம்பியும் இதற்குப் பயன்படுத்தப்படுகிறது. இதில் இரண்டு தவறுகள் உள்ளன. முதலாவது, வெறுமனே முறுக்கிய இணைப்பு நாளடைவில் தளர்ந்து, களிம்பேறி, மின்னோட்டத்தைத் தடுத்துச் சூடாகும். இரண்டாவது, வீட்டுக் கம்பி சுவருக்குள் அசையாமல் கிடப்பதற்கென்று செய்யப்பட்டது. வண்டிக் கம்பியோ ஓயாத அதிர்வைத் தாங்கவேண்டும். அதனாலேயே மோட்டார் வாகனத்திற்குரிய ஒரு சதுர மில்லிமீட்டர் கம்பியில், 0.2 மில்லிமீட்டர் தடிப்புள்ள மெல்லிய செம்பிழைகள் 32 சேர்க்கப்பட்டிருக்கும். இழை மெல்லியதாகவும் பலவாகவும் இருக்குமளவு கம்பி வளைந்துகொடுக்கும். தடித்த ஒற்றை இழை அதிர்வில் ஒடிந்துபோகும்.

12 வோல்ட் மின்சாரம் தொட்டவரைத் தாக்குவதில்லை என்பதனால் அதனை எளிதாய் நினைப்போர் பலர். ஆனால் நல்ல பேட்டரியின் இரு முனைகளும் யாதொரு தடையுமின்றி ஒன்றையொன்று தொடுமாயின் பல நூறு ஆம்பியர் மின்னோட்டம் பாயும். உறை கிழிந்த மெல்லிய கம்பி ஒன்று தகட்டைத் தொட்டால், சில நொடிகளில் பழுக்கக் காய்ந்து, பக்கத்துக் கம்பிகளின் உறையையும் பற்றவைக்கும். பின்னே பருத்தி மூட்டைகள் ஏற்றப்பட்டிருக்கையில் இவ்வாறு நேர்ந்தால், தை முதல் பங்குனி வரை வீட்டார் எல்லோரும் குனிந்து எடுத்த பருத்தி சாம்பலாவதற்கு அதிக நேரம் பிடிக்காது. வண்டியும் போய், சரக்கும் போய், வண்டியோட்டுபவரின் உயிருக்கும் அபாயம் நேரக்கூடும். ஒட்டுப்போட்டு மிச்சம் பிடிக்கும் சில நூறு ரூபாய்க்கு இது பெருவிலையாகும்.

கையால் ஆகும் வேலையே

எஞ்சினைக் கடைந்து சீர்செய்யக் கடைசல் யந்திரம் வேண்டும். பம்பைச் சரிசெய்யத் தனிச் சோதனைக் கருவி வேண்டும். ஆனால் கம்பிக் கோவை செய்ய அவ்விதக் கருவி எதுவும் வேண்டுவதில்லை. உலகத்துப் பெரிய மோட்டார் நிறுவனங்களுக்கும்கூட இக்கோவை பெரும்பாலும் மனிதர் கைகளாலேயே, ஆணியடித்த பலகையின்மேல் கம்பிகளை வரிசையாய் நீட்டிக் கட்டிச் செய்யப்படுகிறது. வளைந்து நெளியும் கம்பியை யந்திரக் கை எளிதில் ஆளமாட்டாது. 2022-ஆம் ஆண்டில் போரினால் உக்ரைன் நாட்டிலிருந்த கம்பிக் கோவைத் தொழிற்சாலைகளில் வேலை நின்றபோது, ஜெர்மனியில் வோக்ஸ்வாகன், பி.எம்.டபிள்யூ. ஆகிய நிறுவனங்கள் தம் ஆலைகள் சிலவற்றில் கார் உற்பத்தியை நிறுத்திவைக்க நேர்ந்தது. எஞ்சினும் உடலும் சக்கரமும் ஆயத்தமாயிருந்தும், பலகையின்மேல் கம்பி கட்டும் கைகள் இல்லாமையால் கார்கள் வெளிவரவில்லை.

இதனின்றும் இரண்டு பாடங்கள் பெறலாம். கம்பிக் கோவை அற்பமான உறுப்பன்று என்பது ஒன்று. அதனைச் செய்யத் தேவையானவை பொறுமையும் ஒழுங்கும் பழகிய கையுமே என்பது மற்றொன்று. இம்மூன்றும் உழவரிடம் இல்லாதவையல்ல. இன்றைய காரில் பலநூறு கம்பிகளும் கணினிப் பெட்டிகளும் உள்ளன. அதில் வீட்டிலிருந்தபடி கைவைப்பது தகாது. பழைய ஜீப்பிலோ பேட்டரி, செல்ப் மோட்டார், சார்ஜ் செய்யும் டைனமோ அல்லது ஆல்டர்னேட்டர், விளக்குகள், ஹாரன், வைப்பர், அளவு காட்டும் மீட்டர்கள் ஆகிய சிலவே உள்ளன. ஒரு தாளில் அடங்கும் படம் அதற்குப் போதும்.

உதிரிப்பாகம் கிடைக்காத வண்டிகளை உடையவரே காப்பாற்றி வருவதற்கு இந்நாட்டிலேயே உதாரணம் உண்டு. மேற்கு வங்காளத்தில் டார்ஜிலிங் மாவட்டத்து மானேபஞ்சாங் என்னும் ஊரில், 1950-களில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட லாண்ட் ரோவர் வண்டிகள், சந்தக்பூ மலைப்பாதையில் பல பத்தாண்டுகள் ஓடிவந்தன. ஓட்டுநர்களும் உள்ளூர் மெக்கானிக்குகளும் கைக்குக் கிடைத்தவற்றைக் கொண்டு அவற்றைப் பழுதுபார்த்து வந்தமையே அதற்குக் காரணம்.

செய்யும் முறை

இவ்வேலைக்கு ஏற்ற காலம் சித்திரை, வைகாசி. பருத்தி எடுப்பு முடிந்து, ஆவணி விதைப்புக்கு நாள் இருக்கும் அக்காலத்தில் வண்டி சில நாட்கள் நிற்பதால் நட்டமில்லை. பேட்டரியின் கம்பிகளைக் கழற்றுவதே முதல் வேலையாக இருக்கவேண்டும். அதிலும் வண்டியின் உடலோடு சேர்ந்துள்ள எர்த் கம்பியை முதலிற் கழற்றவேண்டும். அப்படிச் செய்தால் பின்பு ஸ்பேனர் தவறித் தகட்டிற் பட்டாலும் தீப்பொறி எழாது.

பழைய கோவையை வெட்டித் துண்டாக்கி எடுப்பது பெருந்தவறு. ஒவ்வொரு முனையையும் கழற்றுமுன் அது எதனோடு சேர்ந்திருந்தது என்பதை அட்டைத் துண்டில் எழுதிக் கட்டிவிட்டு, கோவையை முழுதாகவே வெளியில் எடுத்தல் வேண்டும். செல்போனில் படம் பிடித்துக்கொள்வது இக்காலத்திற் கூடுதல் உதவி. பிறகு ஒரு நீண்ட பலகையின்மேல் அதனை விரித்து, அதன் வடிவத்தைச் சுண்ணக்கட்டியால் வரைந்து, திரும்பும் இடங்களிலும் கிளை பிரியும் இடங்களிலும் ஆணியடிக்கவேண்டும். 2020-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற மரச்சிற்பத் தொழிலையுடைய அரும்பாவூர் பக்கத்திலிருக்கையில், பலகைக்கும் அதை இழைத்துத் தரும் கைக்கும் இவ்வட்டாரத்திற் குறைவில்லை.

பழைய கோவை அளவுக்குத்தான் சாட்சி; அமைப்புக்கு அதனை முழுச்சாட்சியாகக் கொள்ளலாகாது. பல ஆண்டுகளில் பலர் செய்த ஒட்டுக்கள் அதில் சேர்ந்திருக்கும். அவற்றையும் அப்படியே பார்த்துச் செய்தால் பழைய தவறு புதிய கம்பியிற் குடியேறும். ஆகையால் அவ்வண்டிக்குரிய பழுதுபார்க்கும் கைநூலில் உள்ள வயரிங் படத்தோடு ஒப்பிட்டு, வண்டியில் இப்போது உண்மையில் இருக்கும் உறுப்புக்களுக்கு ஏற்பப் புதுப்படம் ஒன்று வரைந்துகொள்ளவேண்டும். ஒவ்வொரு கம்பிக்கும் ஓர் எண்ணும் நிறமும் குறிக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே நிறக் கம்பி வாங்கினால் வாங்கும்போது மலிவு. பழுது தேடும்போது அதுவே பெரும் செலவு.

கம்பிகளை ஆணிகளின் ஊடே நீட்டி, முனைகளில் ஒரு சாண் மிகுதி விட்டு வெட்டி, சாணுக்கு ஒரு கட்டாக நூலாற் கட்டி, பின்பு பசையில்லாத வயரிங் டேப்பைச் சுற்றவேண்டும். பசையுள்ள டேப் வெயிலில் இளகிக் கையிலும் கம்பியிலும் ஒட்டும். எஞ்சினுக்கு அருகே செல்லும் பகுதிக்கு வெப்பந்தாங்கும் ஸ்லீவ் குழாய் இடல் நன்று. தகட்டைத் துளைத்துச் செல்லும் ஒவ்வோரிடத்திலும் ரப்பர் வளையம் இடுதல் இன்றியமையாதது. தகட்டின் ஓரம் கத்தியைப் போன்றது. ஒரு பருவத்து அதிர்விலேயே உறையை அறுத்துவிடும்.

முனைகளில் டெர்மினல்களைப் பொருத்துவதற்கு அதற்கென்றுள்ள கிரிம்பிங் குறடு வேண்டும். சாதாரணக் குறட்டால் நசுக்கியது பார்வைக்குப் பிடித்தாற்போல் இருக்கும், இழுத்தால் வந்துவிடும். ஈயப்பற்று வைத்தால் உறுதி என்பது பலருடைய எண்ணம். ஆனால் உருகிய ஈயம் இழைகளுக்குள் ஏறி அவ்விடத்தை விறைப்பாக்குவதால், ஈயம் முடியும் எல்லையில் அதிர்வினாற் கம்பி ஒடிவதுண்டு. ஆகவே நல்ல குறடு கொண்டு நசுக்கிப் பிடிப்பதே வண்டிக்கு ஏற்றது. நசுக்கிய ஒவ்வொன்றையும் கையால் இழுத்துப் பார்த்தபின்பே அடுத்ததற்குச் செல்லவேண்டும்.

கம்பியின் பருமனும் பியூஸும்

கம்பி மெலிந்திருந்தால் அதன் தடையினாலேயே மின்சாரத்தில் ஒரு பகுதி வழியில் வீணாகும். முன்விளக்கு இரண்டும் 60 வாட் வீதம் 12 வோல்ட்டில் எரியும்போது, ஏறக்குறைய 10 ஆம்பியர் ஓடுகிறது. ஒரு சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் தடை மீட்டருக்கு 0.0172 ஓம். ஐந்து மீட்டர் தூரத்திற்கு அக்கம்பியே இரு விளக்குக்கும் போடப்பட்டால், வழியிலேயே 0.86 வோல்ட் குறையும். விளக்கின் ஒளி, வோல்ட் குறையும் விகிதத்தைவிட மிக வேகமாகக் குறைவதாகையால், இச்சிறு குறைவால் ஒளியில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் நட்டம் 0.34 வோல்ட்டாகக் குறைகிறது. இரவில் வெங்காய மூட்டையோடு ஆத்தூர்ச் சாலையில் செல்பவருக்கு, அவ்வொளியில்தான் எதிரே வரும் மாடும் மனிதரும் தென்படவேண்டும்.

ஆதி வில்லிஸ் ஜீப்புகள் 6 வோல்ட்டில் ஓடியவை. அதே வாட்டுக்கு 6 வோல்ட்டில் இரட்டிப்பு ஆம்பியர் ஓடுமாகையால், அத்தகைய வண்டிக்கு இன்னும் தடித்த கம்பி வேண்டும். அன்றியும், டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் பூட்டிய வண்டிகளில் வேறொரு குறை காணப்படும். ஆல்டர்னேட்டர் பழைய டைனமோவைவிட மிகுதியான ஆம்பியர் தரவல்லது. கம்பி மட்டும் பழைய அளவிலேயே இருக்கும். ஆளுக்கேற்ற பாரம் என்பதுபோலக் கம்பிக்கேற்ற ஆம்பியர் என்பதையும் கருதல் வேண்டும்.

முன்விளக்கின் முழு மின்னோட்டத்தையும் பழைய ஸ்விட்சின் வழியாகச் செலுத்தாமல், ரிலே ஒன்றை இடையில் வைத்தால் ஸ்விட்ச் நெடுநாள் நிற்கும், ஒளியும் மிகும். ஒவ்வொரு விளக்குக்கும் தனியாக எர்த் கம்பி இழுத்துவிடுவதும் நன்று. துருப்பிடித்த உடற்தகட்டை நம்பி விளக்கெரிக்கும் பழைய வழக்கமே, மங்கலும் மினுக்கலுமான விளக்குகளுக்குப் பெரும்பாலும் காரணமாகிறது.

பியூஸைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. பியூஸ் விளக்கைக் காப்பதற்கன்று, கம்பியைக் காப்பதற்கே ஏற்பட்டது. ஆகையால் கம்பி தாங்கும் அளவுக்குள் பியூஸ் இருக்கவேண்டும். ஒரு சதுர மில்லிமீட்டர் கம்பிக்கு 10 ஆம்பியருக்கும், 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பிக்கு 20 ஆம்பியருக்கும் மேற்படாத பியூஸ் போடுதல் சேமமாகும். பியூஸ் போன இடத்தில் ஈயத்தாளையோ செம்பிழையையோ சுற்றிவைப்பது, காவற்காரன் தூங்குகிறானென்று அவனை அனுப்பிவிட்டுக் கதவையும் திறந்துவைப்பதற்கு ஒப்பாகும். பழைய ஜீப்புகளில் பியூஸ் மிகச் சிலவே இருக்கும். புதுக்கோவை செய்வோர் வலப்பக்க விளக்கு, இடப்பக்க விளக்கு, ஹாரன், வைப்பர் என்று தனித்தனிப் பியூஸ் அமைத்துக்கொண்டால், ஒன்று போனாலும் மற்றவை நிற்கும். செல்ப் மோட்டாருக்குச் செல்லும் தடித்த கேபிளுக்குப் பியூஸ் இடும் வழக்கமில்லை. ஆதலால் அது எங்கும் உராயாமல் செல்லும்படி தனிக்கவனம் வைத்தல் வேண்டும்.

புதுக்கோவையை வண்டியிற் பூட்டியபின் பேட்டரியை நேரே இணைக்கலாகாது. 21 வாட் பல்பு ஒன்றைப் பேட்டரிக்கும் எர்த் கேபிளுக்கும் இடையே வைத்து, எல்லா ஸ்விட்சுகளையும் அணைத்துவிட்டுப் பார்க்கவேண்டும். பல்பு பிரகாசமாய் எரிந்தால் எங்கோ கம்பி தகட்டைத் தொடுகிறது என்று அறியலாம். கம்பி கருகுவதற்குப் பதிலாகப் பல்பு எரிந்து எச்சரிக்கும். எரியாவிடில் ஒவ்வொரு ஸ்விட்சாகப் போட்டுப் பார்த்து, அதன்பின் நேரே இணைக்கலாம். அப்பல்பு இடையில் இருக்கும்வரை செல்ப் மோட்டாரை இயக்க முற்படலாகாது.

மறுப்புகளும் விடையும்

‘எலக்ட்ரீசியன் இருக்க, உழவர் ஏன் கம்பி கட்டவேண்டும்?’ என்று சிலர் கேட்கலாம். எலக்ட்ரீசியனை விலக்குவது இக்கருத்தின் நோக்கமன்று. கட்டி முடித்த கோவையை வண்டியிற் பூட்டுமுன் அனுபவமுள்ள ஒருவரிடம் காட்டி ஒப்புதல் பெறுவது புத்திசாலித்தனமேயாகும். ஆனால் வண்டி பழுதாவது எலக்ட்ரீசியன் கடை வாசலில் அன்று. மழை இரவில், ஆளில்லாக் காட்டுப்பாதையில். தானே கட்டிய கோவையானால், எந்த நிறக் கம்பி எங்கே போகிறதென்று உடையவருக்கு இருட்டிலும் தெரியும். மற்றொருவர் கட்டியதானால் விடியும்வரை காத்திருக்கவேண்டும்.

‘ஆயத்தமாகச் செய்த வயரிங் செட் கடைகளிற் கிடைக்கிறதே’ என்பது மற்றொரு மறுப்பு. சென்னைப் புதுப்பேட்டை போன்ற இடங்களில் அதிகம் ஓடும் வண்டிகளுக்கு அது கிடைக்கக்கூடும். வண்டி தொழிற்சாலையை விட்டு வந்தபடியே இருக்குமாயின் அதனை வாங்குவதிற் குற்றமில்லை. ஆனால் பல ஆண்டுகள் உழைத்த ஜீப்பில் எஞ்சின் மாறியிருக்கும், டைனமோ மாறியிருக்கும், விளக்குகள் கூடியிருக்கும், டிரெய்லருக்கு இணைப்பு சேர்ந்திருக்கும். அத்தகைய வண்டிக்கு ஆயத்தக் கோவையை வாங்கினால், அதனை வெட்டியும் நீட்டியும் மீண்டும் ஒட்டுக்களே உண்டாகும்.

‘பழைய வண்டிக்கு இவ்வளவு பாடு தகுமா?’ என்பது நியாயமான கேள்வி. சேஸிஸ் துருவேறி இற்றுப்போயிருந்தால் தகாது. அவ்வண்டிக்குக் கம்பிச் செலவும் வீண். சேஸிஸும் எஞ்சினும் உறுதியாயிருந்தால் தகும். சட்டமும் இதனைக் கேட்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் வண்டியின் தகுதி பார்க்கப்பட்டு 5 ஆண்டுகளுக்கொருமுறை புதுப்பிக்கப்படவேண்டும். விளக்கும் ஹாரனும் வைப்பரும் சரியாயிராத வண்டி அங்கே நிற்கமாட்டாது. கம்பியைப் புதுப்பிப்பது பதிவுச் சான்றில் கண்ட விவரம் எதையும் மாற்றாது. எஞ்சினை மாற்றுவதோ உடலை மாற்றுவதோ வேறு. அவற்றுக்கு அச்சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி பதிவு அதிகாரியின் அனுமதி வேண்டும். முன்னரே எஞ்சின் மாற்றியிருப்போர் அது சான்றிற் பதிவாகியுள்ளதா என்று பார்த்துக்கொள்வது நலம்.

கிராம அதிகாரிகள் செய்யத்தக்கது

கிரிம்பிங் குறடு, மல்டிமீட்டர், ஆணிப்பலகை ஆகிய மூன்றும் ஒருவருக்கு ஆண்டில் இரண்டு நாட்களே வேண்டப்படுபவை. ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்குவது வீண் செலவு. ஒருவருமே வாங்காவிடில் ஊரார் அனைவரும் சாதாரணக் குறட்டால் நசுக்குவர். ஆகவே ஊராட்சியோ தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கமோ இவற்றில் ஒவ்வொன்று வாங்கி வைத்து, தெளிப்பான் முதலிய கருவிகளைப்போல் சிறு வாடகைக்குக் கொடுத்துவரலாம். ஒரே வகை வண்டி வைத்திருப்போர் இருவர் மூவர் ஓர் ஊரிலிருந்தால், ஒருவர் ஆணியடித்த பலகை மற்றவருக்கும் பயன்படும்.

செய்து முடித்த வயரிங் படத்தின் பிரதி ஒன்றைச் சங்க அலுவலகத்தில் வைக்கும் வழக்கமும் வேண்டத்தக்கது. நிலத்தின் வரைபடம் கிராமக் கணக்கில் இருப்பதனால்தான், எல்லைத் தகராறு வந்தால் தீர்க்க முடிகிறது. வண்டியின் படமும் அவ்வாறு ஓரிடத்தில் இருந்தால், உடையவர் இல்லாத வேளையிலும், வண்டி கைமாறிய பின்னும், பழுது பார்ப்பவர் இருட்டில் துழாவ வேண்டுவதில்லை. அன்றியும் ஊரிலுள்ள இளைஞருள் தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்தொழில் பயின்றவர் இருப்பின், சித்திரை மாதத்தில் ஒரு நாள் அவரைக்கொண்டு இவ்வேலையைச் செய்துகாட்டச் செய்யலாம். கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் முன்னின்றால் இது அரிய காரியமன்று.

இதனால் வண்டிக்கு உடையவர் ஒருவர் மட்டும் பயனடைவதில்லை. மழைக்காலத்தில் அடிவாரத்து ஊர்களிலிருந்து பிரசவ வேதனைப்படும் பெண்ணையோ பாம்பு கடித்த மனிதரையோ பெரம்பலூர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டிய இரவில், ஊரார் தேடி வருவது அந்த ஜீப்பைத்தான். அவ்விரவில் செல்ப் மோட்டார் சுற்றவேண்டும், விளக்கு எரியவேண்டும். அவ்விரண்டும் நிச்சயமாய் நடக்கும்படி செய்துவைக்க ஏற்ற காலம் கோடையே. மழை தொடங்கியபின் ஒட்டுப்போட மட்டுமே நேரமிருக்கும்.

ஆகையால் பழைய ஜீப் வைத்திருக்கும் நிலமுடையோர், வருகிற சித்திரையில் அதன் எஞ்சின் மூடியைத் திறந்து, கம்பிகளை ஒருமுறை எண்ணிப்பார்க்கட்டும். எது எங்கே போகிறதென்று சொல்லமுடியாத கம்பி ஐந்துக்கு மேல் இருக்குமாயின், ஒட்டுப்போடும் காலம் கடந்துவிட்டது என்று கொள்ளலாம். பலகையும் ஆணியும் நல்ல கம்பியும் ஒரு வாரப் பொறுமையும் கொண்டு அதனைப் புதிதாகச் செய்துகொள்வாராயின், அடுத்த பருத்திப் பருவத்தில் அவர் வண்டியும் சரக்கும் உரிய வேளையில் சந்தை சேரும் என்பது திண்ணம்.